கார் சார்ஜருக்கு வீட்டு ஒயரிங்: முதலில் எர்த், கடைசியில்தான் பெட்டி

மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டியதுமே "எந்த சார்ஜர் நல்லது?" என்றுதான் பெரும்பாலானவர்கள் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் வீட்டு ஒயரிங் முழு லோடை ஆறேழு மணி நேரம் இடைவிடாமல் தாங்குமா?

வீட்டில் வேறு எந்தச் சாதனமும் அப்படி ஓடுவதில்லை. கீசர் கால் மணி நேரத்தில் சூடேறித் தானாக நின்றுவிடும். ஏ.சி.கூட அறை குளிர்ந்ததும் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். கார் அப்படியில்லை. இரவு பத்து மணிக்குச் சொருகினால் பேட்டரி நிறையும் வரை 32 ஆம்ப் என்றால் 32 ஆம்ப்தான். கால் மணி நேர லோடில் வெளியே தெரியாத ஒரு தளர்ந்த ஸ்க்ரூ, ஐந்தாவது மணி நேரத்தில் கருகத் தொடங்கும். கீழே சொல்லப்போகும் அளவுகள் எல்லாம் இந்த ஒரு காரணத்தால்தான் வழக்கமான வீட்டு ஒயரிங்கை விட ஒரு படி கூடுதலாக இருக்கின்றன.

சுவரில் மாட்டும் பெட்டியைப் பற்றி இரண்டு வரி. உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஏ.சி. (மாறுதிசை) மின்சாரத்தை டி.சி.யாக (நேர்திசை) மாற்றி பேட்டரிக்குக் கொடுப்பது அதுதான். சுவர்ப் பெட்டி ஒரு காண்டாக்டரும் (மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்), பாதுகாப்புச் சோதனைகளும், காருடன் பேசும் ஒரு சர்க்யூட்டும் சேர்ந்தது. பைலட் என்னும் மெல்லிய கம்பி வழியாக 1 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை அது அனுப்பும். துடிப்பின் அகலம் 53 சதவீதம் என்றால் "32 ஆம்ப் வரை எடுத்துக்கொள்", சுமார் 27 சதவீதம் என்றால் "16 ஆம்புக்கு மேல் எடுக்காதே" என்று கார் புரிந்துகொள்ளும். அதனால் நல்ல பெட்டி எதிலும் இந்த உச்ச வரம்பைக் குறைத்து வைக்க வழி இருக்கும். உள்ளே இருக்கும் சிறு ஸ்விட்சிலோ, மொபைல் செயலியிலோ 10, 16, 25, 32 என்று மாற்றிக்கொள்ளலாம். ஒயரிங் சுமார் என்றால் பெட்டியை மாற்ற வேண்டாம், வரம்பைக் குறைத்தாலே போதும்.

எவ்வளவு வேகம் தேவை?

நகர ஓட்டத்தில் நடுத்தர அளவுக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறிலிருந்து ஏழு கிலோமீட்டர் ஓடும். தினமும் 40 கிலோமீட்டர் ஓடினால் ஆறு, ஏழு யூனிட் போதும். 3.3 கிலோவாட் கொடுக்கும் 16 ஆம்ப் இணைப்பில் இரண்டரை மணி நேரத்துக்குள் அது ஏறிவிடும். 45 கிலோவாட் அவர் (அதாவது 45 யூனிட்) பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப 3.3 கிலோவாட்டில் 15 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், 7.2 கிலோவாட்டில் ஏழு மணி நேரத்துக்குள் முடியும். ஆனால் தினமும் காலியிலிருந்தா நிரப்புகிறோம்? அலுவலகம் போய் வருவதற்கு மட்டும் கார் என்றால் 16 ஆம்பே தாராளம் என்பது என் தீர்மானமான கருத்து. அடிக்கடி வெளியூர் போய் வந்து மறுநாள் காலையே கிளம்புகிறவர்கள், வீட்டில் இரண்டு மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் 7.2 கிலோவாட்டுக்குப் போகலாம். 11 கிலோவாட் த்ரீ பேஸ் பெட்டி வாங்குவதற்கு முன் காரின் உள் சார்ஜர் எவ்வளவு ஏற்கும் என்று பாருங்கள். இங்கே விற்கும் பல கார்கள் சிங்கிள் பேஸ் 7.2 கிலோவாட்டோடு நின்றுவிடும். அவற்றுக்கு 11 கிலோவாட் பெட்டி போட்டாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது.

16 ஆம்ப் போதும் என்று முடிவெடுத்தாலும், பைப்பும் ஒயரும் மட்டும் 32 ஆம்புக்கே போட்டுவிடுங்கள். சுவரை இரண்டாவது முறை உடைக்க வேண்டியிருக்காது.

ஈ.பி. இணைப்பு

வீட்டிலுள்ள மின் இணைப்பிலேயே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று ஒன்றிய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொன்னது. தனி இணைப்பு கட்டாயமில்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்று பார்க்க வேண்டும். சிங்கிள் பேஸ் வீட்டில் ஏ.சி., கீசர், மோட்டார் ஓடும்போது மேலே 7.2 கிலோவாட்டையும் ஏற்றினால், மீட்டருக்குப் பக்கத்திலுள்ள பியூஸ் கட்டை தாங்காது. 7.2 கிலோவாட் பெட்டி என்றால் த்ரீ பேஸுக்கு மாறுவதும் லோடைக் கூட்டுவதும் முதல் வேலை. மின் இணைப்பு எண்ணை வைத்து மின்வாரிய இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கார் வருவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும். சர்வீஸ் ஒயர் மாற்றுவதற்கும் மீட்டர் மாற்றுவதற்கும் நம் அவசரம் தெரியாது.

பில் பற்றியும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடினால், சார்ஜ் ஏறும்போது வீணாகும் பத்து, பன்னிரண்டு சதவீதத்தையும் சேர்த்து இரண்டு மாதத்துக்குச் சுமார் 345 யூனிட் கூடும். ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீடு 745க்குப் போகும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படிகளுக்கான சலுகை விலையும் போய்விடும். 2024 ஜூலைக் கட்டணப்படி 501 முதல் 600 வரை 8.55 ரூபாய், 601 முதல் 800 வரை 9.65 ரூபாய். மொத்தத்தில் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயைச் சற்றுத் தாண்டும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் இதுவும் குறைவுதான். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

த்ரீ பேஸ் வீட்டில் சார்ஜரை எந்த பேஸில் போடுவது என்பதை எலக்ட்ரீஷியன் கையில் விட்டுவிடாதீர்கள். ஏ.சி.கள் இல்லாத பேஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைவிட முக்கியம் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி. 32 ஆம்ப் ஒரே பேஸில் போகும்போது மெயின் நியூட்ரல் ஜாயின்ட் விட்டுப்போனால், அதிக லோடு உள்ள பேஸில் வோல்டேஜ் சரிந்து, மற்ற இரண்டு பேஸிலும் 400 வோல்ட்டை நெருங்கும். பிரிட்ஜ், டி.வி., ரவுட்டர் என்று அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் ஒரே நொடியில் போய்விடும். டி.பி.யில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) ஓவர் வோல்டேஜ் கட் செய்யும் ரிலே ஒன்று போட்டுவிடுவது இதற்கான காப்பு.

ஒயர் அளவு

கடையில் "32 ஆம்புக்கு 6 ஸ்கொயர் போதும் சார்" என்பார்கள். ஸ்கொயர் என்பது ஒயரின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். 30 டிகிரி சூட்டில், பைப்புக்குள் போகும் 6 ஸ்கொயர் பி.வி.சி. செம்பு ஒயர் 41 ஆம்ப் தாங்கும் என்பது அட்டவணைக் கணக்கு. நம் ஊரில் மே மாதம் மேற்குச் சுவரில் போகும் பைப்புக்குள் 45 டிகிரி சாதாரணம். அப்போது 0.79 ஆல் பெருக்க வேண்டும். 41 ஆம்ப் 32 ஆகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஒயருக்கு முன்னால் 40 ஆம்ப் எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) போட்டால், எம்.சி.பி. ட்ரிப் ஆவதற்கு முன்பே ஒயர் தன் எல்லையைத் தாண்டியிருக்கும். எம்.சி.பி. இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான்.

அதனால் 32 ஆம்ப் சார்ஜர், 40 ஆம்ப் எம்.சி.பி. என்றால் 10 ஸ்கொயர் போடுங்கள். அது 45 டிகிரியிலும் 45 ஆம்ப் தாங்கும். ஏற்கெனவே 6 ஸ்கொயர் இழுத்தாகிவிட்டது என்றால் பெட்டியில் வரம்பை 25 ஆம்புக்கு இறக்கி 32 ஆம்ப் எம்.சி.பி. போடலாம். 16 ஆம்ப் இணைப்புக்கு 20 ஆம்ப் எம்.சி.பி.யும் 4 ஸ்கொயரும் சரி. 2.5 ஸ்கொயர் அதே வெயில் கணக்கில் 19 ஆம்புக்கு வந்துவிடுவதால் இதற்குப் பற்றாது.

எம்.சி.பி.யும் சூட்டுக்கு விதிவிலக்கில்லை. அதன் அளவு 30 டிகிரிக்கு எழுதப்பட்டது. வெயில் படும் டி.பி.க்குள் 32 ஆம்ப் எம்.சி.பி. 32 ஆம்ப் சார்ஜருக்கு நள்ளிரவில் காரணமில்லாமல் ட்ரிப் ஆவது போலத் தெரியும். காரணம் சூடுதான். டி.பி.யை நிழலில் வையுங்கள். உள்ளே எம்.சி.பி.க்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக விடுங்கள்.

தூரமும் கணக்கில் வரும். மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் 30 மீட்டர் என்றால், 32 ஆம்பில் 6 ஸ்கொயர் ஒயரில் ஆறு வோல்ட்டுக்கு மேல் விழும், சுமார் 200 வாட் ஒயருக்குள்ளேயே சூடாகப் போகும். 10 ஸ்கொயரில் விழுவது நான்கு வோல்ட்டுக்கும் கீழ். மாலை நேரத்தில் ஏற்கெனவே 205, 210 வோல்ட் வரும் தெருவில் இந்த வித்தியாசம் சார்ஜர் நிற்குமா ஓடுமா என்பதையே தீர்மானிக்கும்.

ஐ.எஸ். 694 முத்திரையுள்ள எப்.ஆர். (தீ எளிதில் பரவாதது) அல்லது எப்.ஆர்.எல்.எஸ். (புகையும் குறைவு) செம்பு ஒயர், பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரே அளவு, நடுவில் ஜாயின்ட் கிடையாது. 10 ஸ்கொயர் மூன்றுக்கு 32 மி.மீ. பைப் எடுத்தால் சிரமமில்லாமல் இழுக்கலாம். தரைக்கடியில் போக வேண்டியிருந்தால் இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள்தான். முக்கால் மீட்டர் ஆழம், கீழும் மேலும் மணல், அதன் மேல் செங்கல் வரிசை. தோட்ட வேலைக்கு மண்வெட்டி போடுபவரின் உயிர் அந்தச் செங்கலில் இருக்கிறது.

எங்கிருந்து எடுப்பது, எதைப் போடுவது

மாடி டி.பி.யிலோ, கீசர் லைனிலோ, இன்வெர்ட்டர் லைனிலோ கிளை எடுக்கவே கூடாது. மீட்டருக்கு அடுத்த மெயினிலிருந்து, வீட்டின் ஆர்.சி.சி.பி.க்கு (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) முன்னாலேயே தனி லைன் பிரிய வேண்டும்.

இதற்கு வலுவான காரணம் உண்டு. காரின் உள் சார்ஜரில் கோளாறு வந்தால் டி.சி. கசியலாம். சாதாரண வீடுகளில் இருக்கும், மாறுதிசைக் கசிவை மட்டும் உணரும் ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி.யின் உள்ளே உள்ள இரும்பு வளையத்தை அந்த டி.சி. செறிவடையச் செய்துவிடும். பிறகு யாராவது உண்மையிலேயே ஷாக் வாங்கினாலும் அது ட்ரிப் ஆகாது. வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், காப்பு மட்டும் செத்துப் போயிருக்கும். சார்ஜர் லைனை அதன் பின்னால் இணைத்தால் வீடு முழுவதும் பாதுகாப்பை இழக்கிறது.

ஆகவே சார்ஜருக்கென்று இரட்டை துருவ (பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும்) 40 ஆம்ப் சி வகை எம்.சி.பி., அதோடு 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. தனியாக. சுவர்ப் பெட்டிக்குள்ளேயே 6 மில்லி ஆம்ப் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் ஏ வகை ஆர்.சி.சி.பி. போதும். இல்லையென்றால் பி வகை வேண்டும், விலை பல மடங்கு. பெட்டியை வாங்குவதற்கு முன் இந்த ஒரு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே டி.பி.யில் திடீர் வோல்டேஜ் எகிறலைத் தடுக்கும் இரண்டாம் வகை சர்ஜ் காப்பு ஒன்றும் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை இடியில் காரின் உள் சார்ஜர் போனால் செலவு லட்சத்தைத் தொடலாம்.

எர்த்

நம் ஊர் வீடுகள் பெரும்பாலும் சொந்த எர்த் குழியை நம்பியவை. அந்தக் குழி நல்ல நிலையில் 5 ஓம் காட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். பேஸ் ஒயர் காரின் உடம்பில் பட்டால் 230 வோல்ட்டில் அதிகபட்சம் 46 ஆம்ப் ஓடும். சி வகை 40 ஆம்ப் எம்.சி.பி. உடனே ட்ரிப் ஆக 200 முதல் 400 ஆம்ப் வேண்டும். 46 ஆம்பில் அது ஒரு மணி நேரம்கூட அசையாமல் இருக்கலாம். அதுவரை காரின் கதவில் மின்சாரம் இருக்கும். "எர்த் நல்லா இருக்கு, எம்.சி.பி. இருக்கு, ஆர்.சி.சி.பி. எதுக்கு?" என்று கேட்கும் எலக்ட்ரீஷியனுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்தால்தான் காப்பு.

பழைய வீட்டு எர்த் குழியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் காண்பது இதுதான்: ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் தலையில் ஒரு போல்ட், அதில் இரண்டு சுற்றுச் சுற்றிய ஜி.ஐ. கம்பி, மேலே பொரிந்து உதிரும் துரு. மல்டிமீட்டரை வைத்தால் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் அழகாகக் காட்டும். மீட்டர் இழுப்பது மிக மிகச் சிறிய கரண்ட், அதனால் துரு வழியாகவும் வோல்டேஜ் தெரியும். டெஸ்டர் விளக்கும் எரியும். இரண்டையும் நம்பாதீர்கள். மூன்று முனை எர்த் டெஸ்டர் கொண்டு அளந்து ஓமில் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருப்பது நல்லது.

புதிய குழி என்றால் 3 மீட்டர் செம்பு பூசிய ராடு, சுற்றிலும் பென்டோனைட் என்னும் களிமண் கலந்த எர்த் பவுடர். உப்பும் கரியும் போட்ட குழி வேலை செய்யும், ஆனால் உப்பு பைப்பை அரிக்கும், கோடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரிசல் மண் மழைக்காலத்தில் அருமையாகக் கடத்தும். சித்திரையில் வெடித்து ராடை விட்டு விலகிவிடும் என்பதால் அங்கே பவுடர் நிறைய வேண்டும். பாறைத் தரை என்றால் ஒரு ராடில் ஓம் இறங்காது. இரண்டு மூன்றை, ராடின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் போட்டு ஒன்றாக இணைக்க வேண்டும். புதிய எர்த்தையும் வீட்டின் பழைய எர்த்தையும் 10 ஸ்கொயர் பச்சை ஒயரால் சேர்த்துவிடுங்கள். இரண்டும் தனித்தனியாக இருந்தால் கோளாறு நேரத்தில் காருக்கும் பக்கத்துக் குழாய்க்கும் இடையே வோல்டேஜ் வரும்.

எர்த் சரியில்லாத இடத்தில் கார் சிவப்பு விளக்கு காட்டி ஏற மறுக்கும். அப்போது சிலர் பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து "சரி" செய்கிறார்கள். கார் ஏமாந்து சார்ஜ் ஏறும். எங்கோ நியூட்ரல் விட்டுப்போகும் நாளில், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அந்தத் துண்டு ஒயர் வழியாகக் காரின் முழு உடம்புக்கும் வரும். டயர் ரப்பர் என்பதால் கார் அமைதியாக நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைத் தொடும் குழந்தை வழியாகத்தான் அது மண்ணுக்கு இறங்கும். இதைச் செய்து தருகிறேன் என்பவரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

முனைகள்

16 ஆம்ப் பிளக் உருகிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். சாக்கெட்டின் உள்ளே உள்ள பித்தளை இதழ்கள் நூறு முறை சொருகிப் பிடுங்கியதில் விரிந்துபோகும். தொடும் இடத்தில் தடை வெறும் 0.1 ஓம் ஆனாலும், 15 ஆம்பில் அங்கே 22 வாட் சூடு பிறக்கும். சாலிடரிங் அயர்ன் ஒன்றைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடியது போலத்தான். முதலில் பின் பழுப்பாகும், பிறகு துளையைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும், பிறகு மீன் வாடை போன்ற ஒரு நெடி வரும். பழுப்பு நிறத்தைப் பார்த்ததுமே சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும். தினமும் சார்ஜ் செய்வதற்கு, சுவிட்ச் போர்டு சாக்கெட்டை விட நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் பல மடங்கு மேல். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டவே வேண்டாம்.

எம்.சி.பி. முனையிலும் இதே கதைதான். 10 ஸ்கொயர் ஒயரின் இழைகள் துளைக்குள் போகவில்லை என்று நாலைந்து இழைகளை வெட்டிவிட்டு முறுக்கிச் சொருகுவது வழக்கமாகவே இருக்கிறது. வெட்டிய இழைகளின் பங்கை மற்றவை சுமக்கும், முறுக்கிய கொத்து நாளாக நாளாக அமுங்கி ஸ்க்ரூ தளரும். இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழலான பின் லக்கைச் சரியான அளவில் போட்டு, கிரிம்பிங் கருவியால் நசுக்கித்தான் மாட்ட வேண்டும். பிளையரால் தட்டியது கிரிம்பிங் ஆகாது. ஒரு மாதம் ஓடிய பிறகு மெயினை அணைத்துவிட்டு எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். செம்பு அமுங்குவது பெரும்பாலும் இந்த முதல் மாதத்தில்தான்.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் 500 வோல்ட் மெக்கர் என்னும் அளவு கருவியில் ஒயரின் காப்புத் தடையைப் பாருங்கள், ஒரு மெகாஓமுக்குக் கீழே வரக்கூடாது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். காரைச் சொருகி, கிளாம்ப் மீட்டரில் கரண்ட்டையும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான வோல்டேஜையும் பாருங்கள். லோடு இல்லாதபோது ஒன்றிரண்டு வோல்ட் இருக்கலாம். சார்ஜ் ஏறும்போது பத்தைத் தாண்டினால் மீட்டர் வரை நியூட்ரல் ஜாயின்ட்களைத் தேட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து இன்ப்ராரெட் தெர்மாமீட்டரை எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., மீட்டர் பியூஸ், சாக்கெட் ஒவ்வொன்றின் மீதும் காட்டுங்கள். பக்கத்து முனையை விட ஒரு முனை மட்டும் பதினைந்து இருபது டிகிரி கூடுதலாக இருந்தால் அங்கே கோளாறு இருக்கிறது.

அடுக்குமாடியில்

சொந்த மீட்டரிலிருந்தே லைன் எடுப்பதுதான் வழக்குகள் இல்லாத வழி. மீட்டர் பேனலிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை 40 மீட்டர் என்றாலும் 10 ஸ்கொயரில் ஐந்து வோல்ட் அளவில்தான் விழும். தரைத்தளத்தில் தண்ணீர் நிற்கும் பகுதி என்றால், 2015 வெள்ளமோ 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலோ விட்டுச்சென்ற நீர்க்கறை சுவரில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியும் டி.பி.யும் அதற்கு மேலே, ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சார்ஜர் லைனை மட்டும் அணைக்கும் ஐசோலேட்டர் ஒன்று மீட்டர் பேனலிலேயே வேண்டும். தண்ணீர் ஏறும்போது கார் பக்கம் போகாமலே அணைக்கலாம்.

இருபது வீடுகள் உள்ள கட்டடத்தில் இன்று இரண்டு கார் என்றால் யாரும் கவலைப்படுவதில்லை. பத்து கார் ஆனால் 7.2 கிலோவாட் வீதம் 72 கிலோவாட். கட்டடத்தின் மொத்த லோடே அவ்வளவுதான் இருக்கலாம். எல்லாப் பெட்டிகளையும் 16 ஆம்புக்கு இறக்கி வைத்தால் அது பாதியாகும். மெயினில் கரண்ட்டை அளக்கும் சி.டி. காயில் மாட்டி, மிச்சமிருக்கும் கரண்ட்டைப் பெட்டிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் அமைப்பு போட்டால் இன்னும் வசதி. சங்கம் இப்போது செய்ய வேண்டிய வேலை, பேனலிலிருந்து எல்லா நிறுத்துமிடங்களுக்கும் போகும் ஒரே கேபிள் ட்ரேயை ஒரே செலவில் அடித்துவிடுவது. முதல் இரண்டு பேர் ஆளுக்கொரு வழியில் பைப் அடித்துவிட்டால் மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்காது.